ஊசல் கத்தியைக் கடக்கவே முடியவில்லை: பிழை கணக்கிலா, கையிலா?

1. பாதாளப்படி எழுதியது

அனைவருக்கும் வணக்கம். விடுமுறை நாள்களில் கோடோ (Godot) என்னும் விளையாட்டு இயந்திரத்தில், அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில், ஓடியும் குதித்தும் தடைகளைக் கடக்கும் ஒரு பிளாட்ஃபார்ம் விளையாட்டைச் செய்துவருகிறேன். அதன் மூன்றாம் நிலையில், சுரங்கக் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கி ஆடும் வட்டக் கத்தி ஒன்றை வைத்தேன். அது தொடங்கி இரண்டு மாதமாக என் நிம்மதி போய்விட்டது.

முதலில் உண்மையான ஊசலைப் போலவே ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரைப்படம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும்) முடுக்கத்தைக் கணக்கிட்டு எழுதினேன். 10 பாகையில் விட்ட கத்தி 10 வினாடிக்குள் 23 பாகைக்கு ஆடியது. இன்னும் சிறிது நேரம் விட்டபோது கோவில் மணியை யாரோ வெறிகொண்டு அடிப்பதுபோல் கூரைக்கு மேலேயே சுற்றத் தொடங்கிவிட்டது. அதைக் கைவிட்டு, கோணத்தை நேரடியாக சைன் சார்பிலிருந்து எடுத்தேன். இப்போது கத்தி ஒழுங்காக ஆடுகிறது. ஆனால் அதை யாராலும் கடக்க முடியவில்லை.

என் அளவுகள் இவை. சுழல் புள்ளியிலிருந்து கத்தியின் மையம் வரை 200 பிக்சல், கத்தியின் ஆரம் 24, செங்குத்திலிருந்து இருபுறமும் 60 பாகை வீச்சு, முழு அலைவுக்கு 2 வினாடி. அடியில் வரும்போது கத்தி தரையை உரசிச் செல்கிறது. வீரனின் அகலம் 16 பிக்சல், உயரம் 32. ஓட்டம் வினாடிக்கு 120 பிக்சல். குதிக்கும்போது அவனை இழுக்கும் ஈர்ப்பு வினாடி வர்க்கத்துக்கு 1500 பிக்சல். சங்கிலியும் வெட்டும் என்பதால் மேலே தாண்டவும் வழியில்லை. நண்பர்கள் பலரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. "உங்களுக்குக் கை வேகம் போதாது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். பிறகு தனியாக உட்கார்ந்து முயன்றேன், நானும் போகவில்லை.

2. ஒற்றைஉயிர் எழுதியது

உங்கள் சோதனைப் பதிப்பை இறக்கி நாற்பது முறை செத்தேன். ஊசலைக் கடப்பதற்கு ஒரே வழி, அது நம் பக்கம் வந்து, திரும்பி, நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னாலேயே ஓடுவதுதான். கத்தி நம் பக்கம் மேலேறி நிற்கும்போதே அதன் அடியில் புகுந்தால் அது துரத்திவந்து வெட்டும். எதிர்ப்பக்கம் உச்சியில் இருக்கும்போது புறப்பட்டால் நேருக்கு நேர் வெட்டும். முதுகுக்குப் பின்னால் சரியான ஃபிரேமில் புறப்பட்டும் பாதி வழியில் மாட்டிக்கொண்டேன். எனவே குறை என் கையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

3. ஓய்வுபெற்ற_இயற்பியல் எழுதியது

முப்பது ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தனி ஊசலைப் பாடமாக நடத்திய எனக்கு, அதை ஒரு கொலைக் கருவியாகப் பார்க்கும் வாய்ப்பு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. கணக்கைச் செய்துபார்ப்போம்.

முதலில் நாம் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கத்தி அடிப்புள்ளியைக் கடக்கும் அந்த ஒரு கணம் மட்டுமே ஆபத்து என்று நினைக்கிறோம். வீரனின் உயரம் 32 பிக்சல் என்றால், கத்தியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 32 பிக்சல் எழும்வரை அது அவன் தலையைத் தொடக்கூடியதே. 200 பிக்சல் நீளமுள்ள ஊசல் 32 பிக்சல் எழுவதற்குச் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 33 பாகை விலக வேண்டும். அப்போது அது பக்கவாட்டில் 109 பிக்சல் போயிருக்கும். ஆகவே தரையில் ஆபத்துப் பகுதி இடமும் வலமும் 109 பிக்சல், மொத்தம் 218. வீரனின் அகலத்தையும் சேர்த்தால் 234 பிக்சல். திரையில் கத்தியின் விட்டம் 48 பிக்சல்தான் என்பதால் கண் இதை நம்ப மறுக்கிறது.

அடுத்தது நேரம். கத்தி வலப்பக்கம் விலகிச் செல்கையில் ஆபத்துப் பகுதியின் இட எல்லையைக் கடக்கும் கணத்தில் நம் வீரன் உள்ளே நுழைகிறான் என்று கொள்வோம். கத்தி அவனைவிட வேகமாகக் குறுக்கே போய், வலப்பக்கம் மேலேறி, நின்று, திரும்பி, வல எல்லைக்கு வந்து சேரும். சமச்சீரின்படி, இட எல்லையை வெளிநோக்கிய பயணத்தில் கடப்பதற்கும் வல எல்லையைத் திரும்பும் பயணத்தில் கடப்பதற்கும் இடையே சரியாக அரை அலைவுக் காலம் செல்லும். வீச்சு 60 பாகையா 80 பாகையா என்பது இதில் வரவே வராது. 33 பாகைக்கு மேல் இருந்தால் போதும். உங்கள் ஊசலுக்கு அந்த நேரம் 1 வினாடி. ஒரு வினாடியில் 234 பிக்சல் ஓட வேண்டிய இடத்தில் உங்கள் வீரன் 120 பிக்சல் ஓடுகிறான். அவன் பாதி வழியில்தான் சாவான்; ஒற்றைஉயிர் அவர்கள் சாவதும் அங்கேதான். நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

தங்கள் முதல் முயற்சி வெடித்ததற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். பழைய வேகத்தைக் கொண்டு கோணத்தையும், பழைய கோணத்தைக் கொண்டு வேகத்தையும் மாற்றியிருப்பீர்கள். அந்த முறையில் ஊசலின் ஆற்றல் ஒவ்வொரு ஃபிரேமிலும் சிறிது கூடும். 2 வினாடி ஊசலுக்கு வினாடிக்கு 60 ஃபிரேமில் ஓடினால் வீச்சு வினாடிக்கு 8 சதவீதத்துக்கு மேல் வளரும். 30 ஃபிரேமில் ஓடும் மெதுவான கணினியில் வளர்ச்சி அதைப்போல் இரு மடங்கு. முதலில் வேகத்தை மாற்றி, அந்தப் புதிய வேகத்தைக் கொண்டு கோணத்தை மாற்றினால், அதாவது இரண்டு வரிகளை இடம் மாற்றினால், வளர்ச்சி நின்றுவிடும்.

4. இணைப்பாணி எழுதியது

இவ்வளவு கணக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. விளையாட்டு இயந்திரத்திலேயே ஆணி இணைப்பு, அதாவது ஒரு பொருளை ஒரு புள்ளியில் சுழலும்படி மாட்டும் வசதி, இருக்கிறது. அதில் ஒரு கனமான பொருளைத் தொங்கவிட்டு 60 பாகையில் விட்டுவிட்டால் ஊசல் தன் இயல்பிலேயே ஆடும். பார்ப்பதற்கும் உயிரோடு இருக்கும். சைன் சார்பில் ஆடும் கத்தி பொம்மை போலத் தெரிகிறது. உண்மையான ஊசலுக்கு வீச்சு கூடினால் அலைவுக் காலமும் கூடும் என்பதையாவது நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

5. பதினாறுபிட் எழுதியது

இணைப்பாணி அவர்கள் சொல்வது கயிற்றுக்குப் பொருந்தும், கத்திக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. விளையாடுபவன் பற்றிக்கொண்டு ஆடும் கயிறு அவன் எடைக்கும் உந்துதலுக்கும் இசைய வேண்டும். கத்தி யாருக்கும் இசையக் கூடாது. ஆணி இணைப்பில் தொங்கும் கத்தியில் வழியில் கிடக்கும் ஒரு பெட்டி மோதிவிட்டால் அதன் தாளம் கெட்டுவிடும். உராய்வில் மெல்ல அடங்கவும் அடங்கும். பத்து முறை செத்துப் படித்த தாளம் பதினோராவது முறை வேறாக இருந்தால், விளையாடுபவன் தன்னை நொந்துகொள்ள மாட்டான், விளையாட்டைத்தான் நொந்துகொள்வான்.

பழையவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 1991-இல் மெகா டிரைவ் என்னும் விளையாட்டுக் கருவியில் வந்த சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் விளையாட்டின் கிரீன் ஹில் பகுதியில், சங்கிலியில் தொங்கி ஆடும் பலகைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் நிரலைப் பிரித்துப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பலகைகள் எதுவும் தனக்கென்று ஊசல் கணக்கைச் செய்வதே இல்லை. விளையாட்டு முழுவதற்கும் பொதுவாக, ஏறி இறங்கும் சில எண்கள் ஒவ்வொரு ஃபிரேமும் ஓடிக்கொண்டிருக்கும். பலகை அவற்றில் ஒன்றை எட்டிப்பார்த்துத் தன் கோணமாக எடுத்துக்கொள்ளும். பலகையின் படத்தை இடவலமாகப் புரட்டி வைத்தால் ஆட்டமும் எதிர்ப்பக்கமாகும். பலகை திரைக்கு வெளியே போய் நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டு, நாம் திரும்பி வரும்போது மீண்டும் உருவானாலும் சரியான இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். தன் நிலையை அது எங்கும் சேமிக்கவே இல்லையே, எதை இழக்கப்போகிறது?

இன்னும் சுவையானது அந்த எண்கள் ஏறி இறங்கும் விதம். அவை சைன் சார்பிலிருந்து வருவதில்லை. எண் நடுப்புள்ளிக்கு இந்தப் பக்கம் இருந்தால் வேகத்தோடு ஒரு மாறிலியைக் கூட்டுகிறார்கள், அந்தப் பக்கம் போய்விட்டால் அதையே கழிக்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையான ஊசலில் நடுவை நெருங்க நெருங்க இழுவிசை குறையும். இங்கே நடுவரையிலும் ஒரே இழுவிசை. வரைபடமாகப் போட்டால் பரவளையத் துண்டுகளை ஒட்டியதுபோல் வரும். சைன் வளைவிலிருந்து அதன் விலகல் வீச்சில் 6 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. ஆனால் அடிப்புள்ளியைக் கடக்கும் வேகம் சைன் ஊசலைவிட 27 சதவீதம் அதிகம். பெருக்கலே வேண்டாத ஒரு குறுக்குவழி ஆட்டத்துக்குக் கூடுதல் விறுவிறுப்பையும் தந்திருக்கிறது. 7.67 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு இது பெரிய சேமிப்பு.

அந்த விளையாட்டில் முழு வட்டமும் 256 பங்குகள். ஒரு பங்கு 1.4 பாகை. 128 பிக்சல் சங்கிலியின் நுனியில் ஒரு பங்கு 3 பிக்சலுக்குச் சற்று மேல் வரும். உச்சியில் வேகம் குறையும்போது பலகை மூன்று மூன்று பிக்சலாகத் தத்துவதை உற்றுப் பார்ப்பவர்கள் கண்டுகொள்ளலாம்.

6. பாதாளப்படி எழுதியது

ஆசிரியர் ஐயாவுக்கு மிக்க நன்றி. இத்தனை நாளும் ஹிட்பாக்ஸைத்தான் (மோதலைக் கண்டறியும் கண்ணுக்குத் தெரியாத எல்லையை) சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கைப் பார்த்தவுடன் ஒரு யோசனை தோன்றியது. அரை அலைவுக் காலம்தான் கிடைக்கும் நேரம் என்றால் அலைவுக் காலத்தை 4 வினாடியாக்கிவிட்டால் போதுமே? ஆக்கிப் பார்த்தேன். கத்தி நிலவில் தொங்குவதுபோல் மிதக்கிறது. பக்கத்தில் வீரன் குதித்து விழுவதோ நம் ஊர் வேகத்தில் இருக்கிறது. ஆகவே சங்கிலியை நீட்டலாம் என்று நினைக்கிறேன். வீரனுக்குள்ள அதே 1500 ஈர்ப்பில் 4 வினாடி அலைவுக்கு 608 பிக்சல் சங்கிலி வேண்டும். சுழல் புள்ளி திரைக்கு மேலே மறைந்துவிடும், பார்வைக்கும் பிரம்மாண்டமாக இருக்கும். இது சரிதானே, ஐயா?

7. ஓய்வுபெற்ற_இயற்பியல் எழுதியது

நானும் முதலில் சரி என்றே எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு மீண்டும் கணக்கிட வேண்டியதாயிற்று.

சங்கிலி நீண்டால் அலைவுக் காலம் கூடும், உண்மை. ஆனால் நீண்ட சங்கிலியில் தொங்கும் கத்தி தட்டையான வில்லில் ஆடும். அது 32 பிக்சல் எழுவதற்கு முன்னிலும் அதிகத் தொலைவு பக்கவாட்டில் போக வேண்டும். 608 பிக்சல் சங்கிலிக்கு அந்தத் தொலைவு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 195 பிக்சல். ஆபத்துப் பகுதி 390 பிக்சல், வீரனின் அகலத்தோடு 406. கிடைக்கும் நேரம் 2 வினாடி. வேண்டிய வேகம் வினாடிக்கு 203 பிக்சல். இப்போது 200 பிக்சல் சங்கிலியை அதே 1500 ஈர்ப்பில் இயல்பாக ஆடவிடுங்கள். அலைவுக் காலம் 2.29 வினாடி, ஆபத்துப் பகுதி 234, வேண்டிய வேகம் 204. ஒரே ஒரு பிக்சல் வித்தியாசம்!

காரணம் எளியது. ஆபத்துப் பகுதியின் அகலம் சங்கிலி நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. அலைவுக் காலமும் அதே வர்க்கமூலத்தைப் பொறுத்தே வளர்கிறது. ஒன்றை ஒன்றால் வகுக்கும்போது சங்கிலியின் நீளம் அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது இரண்டுதான்: ஈர்ப்பு, கத்தி எழ வேண்டிய உயரம். வீரனின் அகலத்தை விட்டுவிட்டால், வேண்டிய வேகம் அவ்விரண்டின் பெருக்கலுடைய வர்க்கமூலத்தில் சுமார் 0.9 பங்கு. இத்தனை ஆண்டு ஊசலைப் பற்றிப் பேசியும் இந்தக் கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

எனவே நீளத்தில் கை வைத்துப் பயனில்லை. உயரத்தில் கை வையுங்கள், அல்லது ஈர்ப்பைச் சற்று ஏமாற்றுங்கள்.

இணைப்பாணி அவர்கள் சொன்ன வீச்சுச் சார்பு உண்மையே. 60 பாகை வீச்சில் அலைவுக் காலம் சிறு வீச்சின் காலத்தைவிட 7 சதவீதம் கூடும், 90 பாகையில் 18 சதவீதம் கூடும். கடிகாரம் செய்த ஹைகன்ஸ் இதற்காகவே சைக்ளாய்டு வளைவை (உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைவை) தேடிப் போனார். 1673-இல் நூலாகவும் வெளியிட்டார். ஆனால் வீச்சு மாறாமல் ஆடும் கத்திக்கு அலைவுக் காலம் எதுவாயினும் அது மாறிலிதான். அந்த 7 சதவீதத்தை விளையாடுபவர் எதனோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார்?

8. ஒற்றைஉயிர் எழுதியது

ஆசிரியர் ஐயா, ஒரு சிறு திருத்தம். உங்கள் கணக்கில் கத்தி ஒரு புள்ளியாக இருக்கிறது. திரையில் அது 48 பிக்சல் வட்டம். முதுகுக்குப் பின்னால் நுழைபவனுக்கு அந்த வட்டத்தின் பின்பாதி தடையாக நிற்கும். கத்தி தாழத் தாழ அதன் வயிறு நம் பக்கம் பிதுங்கும். அது விலகும்வரை சில ஃபிரேம்கள் காத்திருந்தே ஆக வேண்டும். வெளியேறும் முனையிலும் இதே கதை. இதை விட்டுவிட்டுக் கணக்குப்படி ஓட்ட வேகத்தை வைத்தால், தாளில் கடக்கலாம், திரையில் கடக்க முடியாது.

9. பாதாளப்படி எழுதியது

இரண்டு வாரம் கழித்து முடிவுகளோடு வருகிறேன்.

முதலில் உயரத்தில் கை வைத்தேன். கத்தியை 1500 ஈர்ப்பில் இயல்பாக ஆடவிட்டு, 120 பிக்சல் வேகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டுமானால், கத்தியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 23 பிக்சல் மேலே தொங்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. தொங்கவிட்டுப் பார்த்தேன். தலையில் மட்டும் முடிவெட்டிவிட்டுப் போகும் கத்தியாக அது தெரிந்தது. என் தம்பி சிரித்த சிரிப்பில் அதை உடனே அழித்துவிட்டேன்.

பிறகு ஓட்ட வேகத்தை 190 ஆக்கினேன். முதல் இரண்டு நிலைகளும் இதனால் விறுவிறுப்படைந்தன. அலைவுக் காலத்தை 2.8 வினாடியாக்கினேன். 200 பிக்சல் சங்கிலிக்கு அது 1500-க்குப் பதிலாக ஏறக்குறைய 1000 ஈர்ப்பில் ஆடுவதற்குச் சமம். வீரனுக்கு ஓர் ஈர்ப்பும் கத்திக்கு மூன்றில் இரண்டு பங்கு ஈர்ப்பும் என்பது அநியாயம்தான். ஆனால் இதுவரை ஒருவரும் கவனித்துச் சொல்லவில்லை. கணக்குப்படி கிடைக்கும் நேரம் 1.4 வினாடி, ஓடத் தேவைப்படுவது 1.23 வினாடி. மீதம் 0.17 வினாடி, அதாவது 10 ஃபிரேம், தவறு செய்வதற்கான இடம்.

ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திச் சோதித்தபோது அந்தப் பத்தில் நான்குதான் மிஞ்சியது. ஒற்றைஉயிர் அவர்கள் சொன்ன பிதுங்கல் நுழைவிலும் வெளியேற்றத்திலுமாகச் சேர்ந்து ஆறு ஃபிரேமைத் தின்றிருந்தது. நான்கு ஃபிரேம் என் நண்பர்களுக்குப் போதாது.

கடைசியில் தீர்வு வேறொரு மூலையில் கிடைத்தது. படத்தைத் தொடாமல், வெட்டும் வட்டத்தின் ஆரத்தை மட்டும் 24-இலிருந்து 16 ஆக்கினேன். வட்டத்தின் மையம் மாறாததால் அதன் அடிவிளிம்பு தானாகவே 8 பிக்சல் உயர்ந்தது. எழ வேண்டிய உயரம் 32-இலிருந்து 24 ஆனது. ஆபத்துப் பகுதி 234-இலிருந்து 206 ஆனது. பிதுங்கலும் குறைந்தது. கணக்கில் 19 ஃபிரேம், சோதனையில் 15 ஃபிரேம் மீதம் கிடைக்கிறது. படத்திலுள்ள கத்தியின் விளிம்பு சில சமயம் வீரனின் முடியைத் தொட்டுக்கொண்டு போகிறது; தப்பித்தவர்கள் யாரும் அதைப் பற்றி முறையிடுவதில்லை.

இப்போது அடுத்த சிக்கல். ஒன்று சரியாகிவிட்டதால் மூன்று கத்திகளை வரிசையாக வைக்க ஆசை. கட்ட வேறுபாட்டை, அதாவது ஒரு கத்தியின் ஆட்டம் அடுத்ததைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ இருக்க வேண்டும் என்பதை, எப்படித் தீர்மானிப்பது?

10. பதினாறுபிட் எழுதியது

கட்ட வேறுபாடே வேண்டாம். சோனிக்கில் செய்ததுபோல் மூன்றும் ஒரே எண்ணைப் பார்க்கட்டும். முதுகுக்குப் பின்னால் நுழையும் வாய்ப்பு ஒரு முழு அலைவுக்கு ஒரு முறைதான் வருகிறது. எனவே ஒரு கத்தியிலிருந்து அடுத்ததற்கான தொலைவை, ஒரு முழு அலைவில் வீரன் ஓடும் தொலைவாக வையுங்கள். வினாடிக்கு 190 பிக்சல் வீதம் 2.8 வினாடிக்கு 532 பிக்சல். முதலாவதைச் சரியாகக் கடந்தவன் நிற்காமல் ஓடினால் மூன்றையும் கடந்துவிடுவான்.

இடநெருக்கடி என்றால் 266 பிக்சலில் ஒன்றைப் புரட்டி எதிர்க் கட்டத்தில் வைக்கலாம், தாளம் பொருந்தும். ஆனால் 60 பாகை வீச்சில் ஒவ்வொரு கத்தியும் 173 பிக்சல் பக்கவாட்டில் போவதால், நடுவில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளிவரும். ஒரு சங்கிலியை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வரைந்து சமாளிக்க வேண்டியிருக்கும்.

நேரத்தை வினாடியாகக் கூட்டாமல் ஃபிரேமாக எண்ணுங்கள். 2.8 வினாடி என்பது 60 ஃபிரேம் கணக்கில் மிகச் சரியாக 168. 168 வந்ததும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடலாம். யூனிட்டி என்னும் மற்றொரு விளையாட்டு இயந்திரத்தில் வேலை செய்யும் நண்பர்களுக்கு இது இன்னும் முக்கியம். 32 பிட் தசம எண்ணில் 0.02 வினாடியாகக் கூட்டிக்கொண்டே போனால், 16,384 வினாடிக்குப் பிறகு, அதாவது நாலரை மணி நேரத்துக்குப் பிறகு, ஒவ்வொரு கூட்டலும் 512-இல் 10 பங்கு வினாடியாக வெட்டுப்படும். வீரன் அதே வேகத்தில் ஓட, ஊசல் மட்டும் 2 சதவீதத்துக்கு மேல் மந்தமாகிவிடும்.

11. பாதாளப்படி எழுதியது

வைத்துவிட்டேன். முதல் இரண்டுக்கும் இடையே 532 பிக்சல். மூன்றாவதை மட்டும் வேண்டுமென்றே 500-இல் வைத்திருக்கிறேன். நிற்காமல் ஓடிவருபவன் 10 ஃபிரேம் முன்னதாக வந்து பெரும்பாலும் கத்தியின் முதுகில் மோதுவான். நேற்றிரவு தம்பி முதல் இரண்டையும் ஒரே மூச்சில் கடந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மூன்றாவதில் செத்தான். புதிய பதிப்பை ஏற்றிவிட்டேன், ஒற்றைஉயிர் அவர்கள் எத்தனை முறை சாகிறார் என்று எண்ணிச் சொன்னால் நன்றாக இருக்கும்.